அறுபத்தொன்றாம் எபிசோடு

வனமாமலையின் மீசையைப் பார்த்த எவரும், அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிவி தொடர் ஒன்றைப் பார்த்து வாரம் தவறாமல் கண் கலங்குகிறவன் என்று நம்ப மாட்டார்கள். அது அப்படிப்பட்ட மீசை. நாங்குநேரியிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாள், பாதுகாப்பு வகுப்பு எடுத்த அதிகாரி அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஹெல்மெட் வாரில் அது மாட்டிக்கொள்ளாமல் கவனமாக இருக்கும்படி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கார் உதிரிபாகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. பதினொரு வருடமாக ஓட்டுகிறான். இடுக்கான சந்துக்குள் இரண்டு ஆள் உயரப் பெட்டிகளை நுழைத்து, பூனை கால் வைப்பதுபோல ஓசையில்லாமல் வைத்துவிட்டு வருவான். அந்த மீசையும் அந்த வண்டியும் சேர்ந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள்.

தொடரின் பெயர் ‘மணி அடிச்சாச்சு’. 2008ஆம் வருடம் சாயங்காலம் ஏழரை மணிக்கு வந்தது. ஒரு பதினொன்றாம் வகுப்பு, அதில் அறுபது பிள்ளைகள், ஒரு சுகந்தி மிஸ். அவ்வளவுதான் கதை. மொத்தம் தொண்ணூற்றாறு எபிசோடு ஓடியது. பிறகு இரண்டாவது சீசன் என்று ஒன்று வந்தது. வனமாமலை அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பேசச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மட்டும் பேசுவான். முதல் சீசனில் பிள்ளைகளுக்கு முகத்தில் பரு இருந்தது. வளருகிற பிள்ளை என்று பெரிதாகத் தைத்த சட்டை தோளிலிருந்து வழிந்தது. பதினாலாவது எபிசோடில் ரஞ்சித் என்கிற மாணவனின் சைக்கிள் செயின் நிஜமாகவே கழன்றுவிட, நடிக்கிற பையனுக்கு அதை மாட்டத் தெரியாமல் மூன்று நிமிடம் கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றான். அதை அப்படியே காட்டினார்கள். இரண்டாவது சீசனில் எல்லோரும் வெள்ளையாகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு லிஃப்ட் வந்தது. வில்லன் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினான். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ்க்கனியாக நடித்த பெண் போய்விட, ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போட்டு வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு மனிதனுக்குப் பதில் இன்னொரு மனிதன் எப்படி வர முடியும் என்று வனமாமலை கேட்பான். கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிவிட ஆள் வந்தால்கூட அவனுக்கு அந்த எழுத்து கண்முன் வரும்.

அவன் பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்தவன். அங்கே பெஞ்சு என்றால் பட்டறைப் பெஞ்சு. உட்கார முடியாது, நின்றுகொண்டு இரும்பை அரத்தால் ராவ வேண்டும். மணியும் கிடையாது, விசில்தான். ஆகவே பதினொன்றாம் வகுப்பு என்று ஒன்றை அவன் பார்த்ததெல்லாம் பக்கத்து வீட்டு டிவியில், ஏழரையிலிருந்து எட்டு மணிவரைதான்.

இதில் ஒரு குறை. தொண்ணூற்றாறில் தொண்ணூற்றைந்தைத்தான் அவன் பார்த்திருந்தான். அந்த வருடக் கரண்ட் கட்டை யாரும் மறந்திருக்க முடியாது. சரியாக அறுபத்தொன்றாம் எபிசோடு அன்று ஏழு இருபத்தெட்டுக்குப் போன கரண்ட் எட்டு ஐந்துக்கு வந்தது. பல வருடம் கழித்து யூடியூபில் முதல் சீசனை ஏற்றினார்கள். வனமாமலை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். அறுபதுக்கு அடுத்து அறுபத்திரண்டு இருந்தது. அறுபத்தொன்று இல்லை.

அறுபதாவது எபிசோடின் முடிவில் சுகந்தி மிஸ் மேசைமேல் மடித்து வைத்திருக்கும் ஒரு காகிதத்தை எடுக்கிறாள். பிரிக்கிறாள். படிக்கிறாள். கண்ணிலிருந்து நீர் வழிகிறது. அத்தோடு முடிந்தது. அறுபத்திரண்டில் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் காணோம். மிஸ்ஸின் கண்கள் வீங்கியிருக்கின்றன. அதுவரை கீரியும் பாம்புமாக இருந்த ரஞ்சித்தும் தமிழ்க்கனியும் முன்வரிசையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். காகிதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசிவரை.

அந்தக் காகிதத்தில் என்னதான் எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. ‘மணி அடிச்சாச்சு ஃபர்ஸ்ட் சீசன் மட்டும்’ என்று பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்; எல்லோரும் அன்று கரண்ட் போன ஊர்க்காரர்களோ என்னவோ, ஒருவர்கூட அறுபத்தொன்றைப் பார்த்ததில்லை. பாதிப் பேர் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். அட்மின் வனமாமலை. இரண்டாவது சீசனைப் புகழ்ந்தால் உடனே நீக்கம் என்பது முதல் விதி. சொந்த அத்தை மகனையே நீக்கியிருக்கிறான். களக்காட்டில் பெண் பார்க்கப் போனபோது, தனியாகப் பேசச் சொன்ன ஐந்து நிமிடத்தில் அவன் பெண்ணிடம் கேட்டது ஒரே கேள்வி. அவள் ஹெலிகாப்டர் வரும் பாகம்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டாள். வனமாமலை வெளியே வந்து, வைத்த பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்து, கைகழுவிவிட்டு, ஜாதகம் சரியில்லை என்றான். ஜாதகம் பார்த்தவர் அவனுடைய சொந்த மாமா. அவர் மூன்று மாதம் பேசவில்லை.

படப்பையில் அவனோடு அறையில் தங்கியிருந்த இசக்கிபாண்டியும் அந்தக் குழுவில் முக்கியப் புள்ளி. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. காகிதம் ஒரு காதல் கடிதம் என்பது அவன் கட்சி. மிஸ்ஸுக்கு மாற்றல் உத்தரவு என்பது இன்னொரு கட்சி. பள்ளிக்கூடத்தை இடித்து ஃபேக்டரி கட்டப் போகிறார்கள் என்ற அரசாங்க நோட்டீஸ் என்று சுங்குவார்சத்திரக் கட்சி சொன்னது. அவர்கள் ஊரில் அப்படித்தான் நடந்ததாம்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியில் தரப் பரிசோதனைக்கு சத்யப்பிரியா மாற்றலாகி வந்தாள். மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்து குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். கியூ.சி. மேடம் என்றால் சும்மா இல்லை. கையில் எப்போதும் ஒரு கத்தை சிவப்பு ஸ்டிக்கர் வைத்திருப்பாள். ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தாலும் அதன் நெற்றியில் ஒன்றை ஒட்டி ஓரம்கட்டிவிடுவாள்.

வந்த மூன்றாம் நாள் காலை, கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்ப் புட்டிகள் நானூற்றெண்பதைத் தூக்கிக்கொண்டு வனமாமலை வந்துகொண்டிருந்தான். சத்யப்பிரியா ஏழாவது ரேக்கின் பக்கத்தில் ஏதோ எழுதியபடி நின்றாள். இடது கன்னம் உப்பியிருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தாள். மென்றபடியே தலையைத் திருப்பி, சன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

வனமாமலை பிரேக்கைப் போட்டான். போட்ட வேகத்தில் நானூற்றெண்பது புட்டிகளும் வண்டியை விட்டுக் கிளம்பிப் போயின. ஏழாவது ரேக்கிலிருந்து கேன்டீன் வாசல்வரை தரை நீலமாயிற்று. யாருக்கும் அடியில்லை. பூனை ஒன்று மட்டும் ஒரு வாரத்துக்கு நீலக் காலோடு திரிந்தது.

விபத்து நடந்தால் கம்பெனியில் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு, உண்மைக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் டில்லிபாபு நோட்டோடு உட்கார்ந்தார். புட்டி ஏன் விழுந்தது? பிரேக் போட்டதால். பிரேக் ஏன் போட்டாய்? ஒருவரைப் பார்த்ததால். பார்த்தால் ஏன் பிரேக்? அவர் மென்றுகொண்டிருந்ததால். டில்லிபாபு பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மென்றால் உனக்கு ஏன்? அவர் ‘மணி அடிச்சாச்சு’ நாலாவது பெஞ்சுக்காரி என்பதால். அது உனக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? 2008இல் கரண்ட் கட் ஆனதால்.

டில்லிபாபு எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

“இத நான் மேல அனுப்புனா, மொதல்ல என்னத்தான்யா ஆஸ்பத்திரில சேப்பாங்க,” என்று சொல்லிவிட்டு, தரை வழுக்கியது என்று ஒரே வரியில் முடித்தார்.

மதியம் கேன்டீனில் வனமாமலை தட்டோடு போய் சத்யப்பிரியாவின் எதிரில் நின்றான். உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் ரசத்தை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னாண்ணா, இன்னா வேணும்? ஏன் இப்டி பாத்துகினே கீறீங்க?”

“மேடம், நீங்க நாலாவது பெஞ்சுல்லா? சன்னலோரம். தொண்ணூத்தஞ்சு எபிசோடுலயும் எதையோ மென்னுகிட்டே இருப்பிய.”

சத்யப்பிரியாவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது புளியங்காய், என்றாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில்தான் படப்பிடிப்பு நடந்தது. பின்னால் உட்கார ஆள் வேண்டும் என்று அங்கேயே படித்த பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். நாளைக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும், கடைசி நாளில் ஆளுக்கொரு ஜியாமெட்ரி பாக்ஸும் கொடுத்தார்கள். தொடரை அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் அப்போது கேபிள் கிடையாது. நான்கு மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, அதை டிவியிலும் வேறு பார்க்க வேண்டுமா என்று இருந்துவிட்டாளாம்.

வனமாமலை போனை எடுத்து ஏழாவது எபிசோடைக் காட்டினான். திரையில் தமிழ்க்கனி கண்ணீரும் கம்பலையுமாகப் பேசிக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் ஒரு ரெட்டைச் சடை தீவிரமாக மென்றுகொண்டிருந்தது.

“அய்ய, நானா இது? மாடு மாதிரி மென்னுகினு கீறேன்,” என்று சத்யப்பிரியா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெஞ்சில் தன் பக்கத்தில் இருந்தவளைப் பெரிதாக்கிப் பார்த்து, இவள் இப்போது தண்டலத்தில் கல்லூரி ஒன்றில் லேப்பில் இருக்கிறாள், பல் கட்டிக்கொண்டாள், என்றாள்.

அன்று மாலை வனமாமலை குழுவில் மூன்று சொல் எழுதினான்: நாலாவது பெஞ்சு கிடைத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் முந்நூறு பதில் வந்தது. யாரோ அழும் குரலில் ஆடியோ அனுப்பினார்கள். இசக்கிபாண்டி அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கி, நிஜமாகவா, நிஜமாகவா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, அதே வகுப்பில் உட்காருவது, நாலாவது பெஞ்சை நேரில் பார்ப்பது என்று முடிவாயிற்று. முப்பத்துநாலு பேர் பெயர் கொடுத்தார்கள்.

பள்ளியில் அனுமதி வாங்க சத்யப்பிரியாவே போனாள். அவளுக்குப் பாடம் எடுத்த கனகலட்சுமி டீச்சர் இப்போது தலைமையாசிரியை. பத்தாம் வகுப்புக்கு ஞாயிறு சிறப்பு வகுப்பு நடக்கிறது, சத்தம் போடாமல் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தால் வரலாம் என்றாராம்.

இதற்கிடையில் வனமாமலை கேன்டீனில் தினமும் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, அறுபத்தொன்றில் என்ன நடந்தது என்று கேட்க ஆரம்பித்திருந்தான். அதில் ஒரு சிக்கல்.

“எபிசோடு நம்பர்லாம் எனக்கு இன்னாண்ணா தெரியும்? முன்ன பின்ன மாத்தி மாத்தி எடுப்பாங்க. அன்னிக்கு இன்னா சோறு போட்டாங்கன்னு கேளுங்க, கரெக்டா சொல்றேன்.”

அவளுக்கு அந்த நான்கு மாதமும் சோற்றுக் கணக்கில்தான் நினைவிருந்தது. ரஞ்சித் மரத்திலிருந்து விழுந்தது புளி சாதத்தன்று. ஆண்டு விழா, வெஜிடபிள் பிரியாணி. தமிழ்க்கனியின் அப்பா வந்து சண்டை போட்டது பொங்கல், வடை இல்லை. வனமாமலை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எந்தச் சோற்றுக்கு எந்த எபிசோடு என்று வரிசைப்படுத்தினான். இரவில் இசக்கிபாண்டி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெஸ் ஆரம்பிக்கப் போகிறாயா என்று கேட்டான்.

புதன்கிழமை, நோட்டில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மிஸ் காகிதத்தைப் பிரித்தாளே, அது என்ன சோறு என்று கேட்டான்.

சத்யப்பிரியா யோசிக்கவே இல்லை. அன்றைக்கு இரண்டு சோறு, என்றாள். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும். அதை மறக்கவே முடியாது, ஏனென்றால் தயிர் சாதம் சாப்பிட்டவர்கள் அத்தனை பேருக்கும் வயிறு போய்விட்டது. மறுநாள் இருபத்தொரு பிள்ளைகள் வரவில்லை. மிஸ்ஸாக நடித்த அம்மாளும் தயிர் சாதம்தான். விடியவிடிய வாந்தி எடுத்துவிட்டு, வீங்கிய முகத்தோடு வந்து நின்றார். ரஞ்சித்துக்கும் தமிழ்க்கனிக்கும் மட்டும் ஓட்டலிலிருந்து தனிச் சாப்பாடு, அதனால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. முன்வரிசை காலியாகத் தெரிகிறதே என்று டைரக்டர் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்.

வனமாமலையின் பேனா நின்றுவிட்டது. பதினேழு வருடமாக இருநூறு பேர் மண்டையை உடைத்துக்கொண்ட மூன்று மர்மங்களும் ஒரு தயிர் சாதத்தில் கரைந்துபோயின. கடைசியாக மிச்சமிருப்பதைக் கேட்டான். அந்த லெட்டர்?

“லெட்டரா? அது சாப்பாட்டு லிஸ்ட்டுண்ணா. நான் மேசைக்குப் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன், கண்ணால பாத்தேன். லெமன் சாதம் நாப்பது, தயிர் சாதம் இருவத்திரண்டு. வேற பேப்பர் எடுத்தார மறந்துட்டாங்கோ. அந்தம்மா பிரியாணி கேட்ருந்தாங்க, லிஸ்ட்ல அவங்க பேருக்கு நேரா தயிர் சாதம்னு போட்டுகீது. அதப் பாத்து பொலபொலன்னு அழுதாங்க. டைரக்டர் கைதட்டுனாரு.”

அன்று வனமாமலை மூன்று பேலட் சரக்கைத் தவறான ரேக்கில் வைத்தான். அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். இசக்கிபாண்டி இது காதல் தோல்வி என்று முடிவு கட்டி, பரோட்டா வாங்கிவந்து தலைமாட்டில் வைத்தான். உண்மையைச் சொன்னால் இசக்கிபாண்டியின் காதல் கடிதம் என்ன ஆவது? கோயம்பேட்டிலிருந்து பஸ் ஏறி வரப்போகிற ஆட்கள் என்ன ஆவார்கள்? ஹோசூரிலிருந்து ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறாள். அவ்வளவு பேரையும் ஒரு வகுப்பில் உட்காரவைத்து, தயிர் சாதம் என்று சொல்ல முடியுமா?

மறுநாள் அவன் சத்யப்பிரியாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை யாராவது அதைப் பற்றிக் கேட்டால், தள்ளி நின்றேன், தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா?

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “பாத்தத பாக்கலன்னு சொல்லணுமா? நான் கியூ.சி. அண்ணா.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முப்பத்துநாலு பேரும் பள்ளிக்கூட வாசலில் கூடினார்கள். சிலர் வெள்ளைச் சட்டையும் நீலப் பேண்டுமாக, தொடரில் வருவதுபோலவே உடுத்தியிருந்தார்கள். ஏசுவடியான் என்கிற வெல்டர், வயிற்றைத் தாண்டி பெல்ட் போட முடியாமல் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சத்யப்பிரியா கணவன் கோபாலோடு வந்து இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. யாரோ கும்பிட்டார்கள். கோபால் தன் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் இதையெல்லாம் அவனிடம் சொன்னதே இல்லை. யாரும் கேட்கவில்லையே என்று அவள் சொன்னாள்.

வகுப்பு மாடியில் இருந்தது. டைல்ஸ் போட்டுப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். பெஞ்சுகள் மட்டும் அதே பெஞ்சுகள். பெரிய ஆட்கள் சிறிய பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உள்ளே நுழைந்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரஞ்சித்தின் இடத்துக்கு ஆறு பேர் போட்டி. நாலாவது பெஞ்சு சன்னலோரத்தை யாரும் தொடவில்லை. சத்யப்பிரியா போய் அதில் உட்கார்ந்ததும் எல்லோரும் போனை உயர்த்தினார்கள். ஹோசூர்ப் பெண் ஒரு கைக்குட்டையைப் பிரித்து, இரண்டு புளியங்காயை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். சத்யப்பிரியா ஒன்றை எடுத்துக் கடித்தாள். முகம் சுளித்து, இடது கன்னத்துக்கு ஒதுக்கி, சன்னல் பக்கம் திரும்பினாள். வகுப்பே பெருமூச்சு விட்டது. ஏசுவடியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கு வசனம் ஏதாவது உண்டா என்று யாரோ கேட்டார்கள். ஒன்றே ஒன்று உண்டு, என்றாள். மிஸ் காகிதத்தைப் படிக்கும்போது அவள் மேசைப் பக்கம் போய்ச் சொன்னது. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அன்று சொன்ன மாதிரியே ஒரு ராகமாகச் சொன்னாள்: “மிஸ், அவன் இல்ல மிஸ்.”

அது அறுபத்தொன்றாம் எபிசோடு. அங்கே இருந்த ஒருவரும் அந்த வசனத்தைக் கேட்டதில்லை. அடுத்த கேள்வி எதுவென்று வனமாமலைக்குத் தெரியும். இசக்கிபாண்டி எழுந்தான். மேசைப் பக்கத்தில் நின்றீர்களே, காகிதத்தில் இருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

சத்யப்பிரியா வனமாமலையைப் பார்த்தாள். அவன் பெஞ்சில் யாரோ கீறியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாத்தேன், என்று ஆரம்பித்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எலுமிச்சை சாதம் நாற்பது, தயிர் சாதம் இருபத்திரண்டு. பிரியாணி. வாந்தி. ஒன்றைக்கூட விடவில்லை.

வனமாமலை கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் ஏதோ கணக்குச் சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இசக்கிபாண்டிதான் முதலில் பேசினான். மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல.

“அது லிஸ்ட்டாவே இருக்கட்டும் மக்கா. அவன் இல்லன்னா, வேற எவன்?”

அவ்வளவுதான். அணை உடைந்ததுபோல வகுப்பு உடைந்தது. அவன் என்றால் யார்? காகிதத்தை வைத்தவனா? ரஞ்சித் என்று ஒரு கட்சி, ரஞ்சித் அன்று தனிச் சாப்பாடு சாப்பிட்டவன், எப்படி வைத்திருப்பான் என்று இன்னொரு கட்சி. நாற்பதும் இருபத்திரண்டும் ரோல் நம்பராக இருக்கலாமே என்றார் ஏசுவடியான். நாற்பதாம் நம்பர் யார் என்று ஐந்தாவது எபிசோடின் வருகைப்பதிவில் இருக்கிறது என்று ஹோசூர்ப் பெண் போனைத் திறந்தாள். அவன் யாரென்று எல்லோரும் சத்யப்பிரியாவைக் கேட்டார்கள். டைரக்டர் சொல்லச் சொன்னார், சொன்னேன், யாரென்று எனக்கு எப்படித் தெரியும், என்றாள் அவள். அவளுக்கே தெரியாது என்றதும் கூட்டத்துக்குப் பிடித்த வெறி இன்னும் கூடிவிட்டது.

வனமாமலை கண்ணைத் திறந்தான். ஐந்து நாளாக நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லைக் காணோம். அதைவிட ஆச்சரியம், அவனுக்கே ஒரு கட்சி தோன்றிவிட்டது. எழுந்து பெஞ்சின்மேல் ஏறி நின்று, அவன் என்பது முப்பத்துமூன்றாம் எபிசோடிலேயே பள்ளியைவிட்டுப் போனவன்தான் என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்த ஆரம்பித்தான்.

“பெஞ்சு மேல நிக்கறது யாரு?”

கனகலட்சுமி டீச்சர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கையில் சாக்பீஸ். மற்ற அத்தனை பேரும் ஒரே நொடியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் படிப்பது காதில் விழவில்லையா என்று கேட்டார். யாரும் நிமிரவில்லை. டீச்சர் மீசையை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விரலை மட்டும் அசைத்து, வெளியே போய் நில், என்றார்.

வனமாமலை கீழே இறங்கினான். பெஞ்சுகளுக்கு நடுவே தலையைத் தொங்கப்போட்டு நடந்து, வாசலைத் தாண்டி, வராந்தாவில் சுவரை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒருவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். கால் மணி நேரம் நின்றான். உள்ளேயிருந்து இசக்கிபாண்டி எட்டிப் பார்த்தபோது அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து பயந்துவிட்டான். கூப்பிட்டபோதும் வரவில்லை. டீச்சர் சொல்லவில்லையே என்றான்.

அதற்குப் பிறகு குழுவில் நானூறு பேர் ஆகிவிட்டார்கள். ‘அவன்’ யார் என்பது இன்னும் முடியவில்லை. சத்யப்பிரியா இரண்டு மாதத்தில் முதல் சீசன் முழுவதையும் பஸ்ஸிலும் கேன்டீனிலுமாகப் பார்த்து முடித்தாள். அதோடு நிற்காமல் இரண்டாவது சீசனையும் பார்த்துவிட்டு, ஹெலிகாப்டர் சூப்பர் என்று குழுவிலேயே எழுதிவிட்டாள். வனமாமலை போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு முதல் விதிக்குக் கீழே, அந்தத் தொடரில் நடித்தவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தான். அத்தை மகன் தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான். முடியாது என்றுவிட்டான்.

ஐப்பசியில் குழுவைச் சேர்ந்த யாக்கோபு ஸ்ரீபெரும்புதூரில் மொபைல் கடை திறந்தார். வாசலில் பேனர்: ‘சின்னத்திரை நட்சத்திரம் சத்யப்பிரியா கோபால் வருகை தருகிறார்’. படத்தில் அவளுக்கு ரெட்டைச் சடை போட்டு விட்டிருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து ரிப்பனை வெட்டினாள். அவளுடைய மாமியார் ஞானம்மா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் இது எங்க வூட்டு மருமக என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை வீட்டில் அவளை ஏய் என்றுதான் கூப்பிடுவாராம்.

தெருவில் போகிறவர்கள் இந்த அம்மாள் யார், எந்த சீரியல் என்று வனமாமலையிடம் கேட்டார்கள். அவளுடைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றதால், அவனை மேனேஜர் என்று நினைத்துவிட்டார்கள். அவனும் மறுக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் டிபன் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, வரும் புதன்கிழமை தன் கடைக்கும் வரமுடியுமா என்று அவனிடமே கேட்டார். வனமாமலை பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டி, யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புதன்கிழமை மேடத்துக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்றால் கூட்டி வருகிறேன், என்றான்.